மேல் தாழ்ப்பாள்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே இருக்கிற உடம்போடு நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதுவும் இந்த வீட்டு ஆள்தானே. நீ நலம் என்று உன் அக்கா சொல்கிறாள். அவளிடம் போனில் என்னைப் பற்றி விசாரிக்கிறாய், என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்வதில்லை. இருக்கட்டும். உன் குரல் எனக்கு மறந்துபோகும் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. உன் அக்கா கல்யாணத்தில் முதல் வரிசை நாற்காலி கிடைக்கவில்லை என்று உன் சித்தி சாப்பிடாமல் போனாளே, அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலை உட்பட எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது எழுதுவது குட்டியால் வந்த விஷயம். குட்டி உன் அக்கா மகள், நீ அவளைப் பார்த்ததே இல்லை, காலேஜ் பக்கம் என்பதால் என்னோடு இருக்கிறாள், சரித்திரம் படிக்கிறாள். செத்துப்போன ராஜாக்களைப் படிக்க வந்தவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் கதை கவிதை படிக்கிற பிள்ளைகளும் இந்த வருஷம் அந்தப் பாடம் படித்தே ஆக வேண்டுமாம். நான் கம்ப்யூட்டரைப் பெரிய அறிவாளி என்று நினைத்திருந்தேன். அதற்குச் சுயபுத்தியே கிடையாது, ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் செய்யும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும் என்றாள். உன் அப்பாவைப் பெற்ற மகராசி என்னை அப்படித்தான் வேலை வாங்கினாள், நிறுத்தச் சொல்ல மட்டும் மறந்துவிடுவாள். வீட்டில் தினம் நடக்கிற ஒரு காரியத்தை எடுத்து, அந்த மிஷினுக்குப் புரிகிற மாதிரி படிப்படியாக எழுதி வரச் சொல்லி அவர்கள் டீச்சர் கேட்டிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் டீ போடுவது, துணி துவைப்பது என்று எழுதினார்களாம். இவள் நான் வாசல் கதவைச் சாத்துவதை எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

நம் வீட்டுக் கதவு உனக்குத் தெரியும். பூட்டை வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கலாம், மேல் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் சாவி திரும்பும், கதவு திறக்காது. நீ போன நாளிலிருந்து நான் பூட்டோடு சரி, மேல் தாழ்ப்பாளைத் தொடுவதில்லை. எல்லாரும் உள்ளே வந்தாச்சா என்று தெருவைப் பார்ப்பேன், வரவில்லை என்றால் உள்ளே போய் ஏதாவது வேலை செய்துவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பேன். குட்டி அதை அப்படியே எழுதியிருக்கிறாள், எல்லாரும் வந்துவிட்டால் மேல் தாழ்ப்பாளைப் போடு, வராவிட்டால் திரும்பப் போய்ப் பார் என்று. வகுப்பில் பெரிய திரையில் அதை ஓட விட்டதும் இன்னும் ஒருவர் வரவில்லை, இன்னும் ஒருவர் வரவில்லை என்று வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்ததாம், நிற்கவே இல்லையாம், வகுப்பே சிரித்திருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஒன்றும் தெரியாமல், இதற்கா அழுவார்கள், மாமா வந்ததும் நிறுத்து என்று ஒரு வரி சேர்த்துவிடு என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதைத்தான் பாட்டி எழுதியிருந்தேன்" என்றாள். அதற்கப்புறம் எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது.

அந்த டீச்சர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஓயாமல் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் மிஷினுக்கு வேறு எதுவும் செய்ய முடியாது, அதைத் தூங்க விட்டுவிடு, வருகிறவர் பெல் அடித்தால் அது எழுந்து திறக்கட்டும், அப்படி மாற்றி எழுது என்றாளாம். நல்ல யோசனைதான். ஆனால் நீ பெல் அடிக்கிற ஆளா? அவளுக்கு உன்னைத் தெரியுமா? சின்ன வயதில் திட்டினால் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாய், கதவைத் தட்ட மாட்டாய், உன் ரோஷத்துக்குப் பயந்துதான் உனக்கென்று தனிச் சாவியே செய்து கொடுத்தேன். அப்படிப்பட்டவனுக்கு, அச்சாபீஸ் வேலையை உதறிவிட்டு வந்தாய் என்று உன் அப்பா பட்டப்பகலில் மேல் தாழ்ப்பாளைப் போட்டார். நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். நீ வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. சாவி திரும்பின சத்தம் தன் காதில் விழுந்தது என்றும், எழுந்திருக்காமல் நாற்காலியிலேயே இருந்துவிட்டேன் என்றும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அந்த மனுஷன் என்னிடம் சொன்னார். கேட்டுவிட்டு அவருக்குக் கஞ்சி கொடுத்தேன், வாய் துடைத்துவிட்டேன், மன்னிக்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் நீ வரவில்லை, அதையும் மறக்கவில்லை. அவர் எழுந்து திறக்கவில்லை, நீ ஒரு தடவை அம்மா என்று கூப்பிடவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கதவைக் காவல் காத்தது நான்.

போன மாதம் எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். பையன் ஓடிப்போயிட்டானாமே என்று தெருவில் நின்று என்னைக் கேட்ட ஆள்தான், ஆனாலும் அவர் தலையில் கட்டோடு வந்து நின்றபோது பாவமாகத்தான் இருந்தது. உன் அக்கா போனில் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள், மேல் தாழ்ப்பாள் போடாத வீட்டில் வயசுப் பெண்ணை விட மாட்டேன், ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்று. குட்டி எதுவும் கேட்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டே படுக்கிறாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தச்சரைக் கூப்பிட்டேன். துரு ஏறி இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் அசைந்தது. இருட்டினதும் நானே ஸ்டூல் போட்டு ஏறித் தள்ளினேன். சத்தம் மாறவே இல்லையடா. குட்டி அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிட்டாள். அவள் புரோகிராமும் மாற்றி எழுதினபடி சரியாக ஓடியதாம், நல்ல மார்க்காம். நான்தான் பழக்க தோஷத்தில் இன்னும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஆகையால் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன், இனி உன் சாவி மட்டும் போதாது. பெல்லுக்குப் புது பேட்டரி போட்டாச்சு. குட்டியை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் வெளியே நின்று அழுத்திப் பார்த்தேன், பின்பக்கம் துணி அலசுகிற இடம் வரை கேட்கிறது என்றாள். பலமாக அழுத்த வேண்டாம், நிறைய தடவையும் வேண்டாம், ஒரு தடவை போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, யாரோடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்காதே, என்னிடமிருந்து அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு. திறக்காது என்று எழுதிவிட்டேனே என்று அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிடாதே, பகலில் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை.

இப்படிக்கு,
காது இன்னும் நன்றாகக் கேட்கிற உன் அம்மா