யோசப்பினின் மகனுக்கு ஒரு பூசை

ஹம், ஜேர்மனி,
27.05.2025

அன்பு மகள் யூலியாவுக்கு,

மாதாவின் தயவால் நீ லண்டனில் சுகமாக இருக்க வேண்டும். நீ ரெலிபோன் எடுக்கிறாய் இல்லை. அதனால்தான் கொப்பித் தாளில் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துவிடாதே, கடைசிவரை வாசி.

அப்பாவின் முழங்கால் நோ குறையவில்லை. எலும்பு டொக்டரைப் பார்க்க டெர்மின், அதுதான் நாள், ஆடி மாதத்துக்குத்தான் கிடைத்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் நேற்று சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

உன் உளவளத்துணைக் கலாநிதிப் படிப்பின் ஆய்வைப் பல்கலைக்கழகம் நிறுத்தி வைத்திருக்கிறது என்று உன் தம்பி நிசாந் சொன்னான். நம் கோவிலுக்கு வரும் யோசப்பின் அக்காதான் முறைப்பாடு எழுதினாவாம். அவ சொன்ன இரகசியத்தை நீ வெளியே விட்டாய் என்று விசாரணையாம்.

லீவில் இங்கே வந்து நின்ற நீ, பெரிய வியாழனுக்கு முதல்நாள் உன் ஆய்வுக்காக அவவை நம் வீட்டில் வைத்துப் பேட்டி எடுத்தாய். என்னை இரண்டு மணித்தியாலம் வெளியே போகச் சொன்னாய். நானும் ஓம், கடைக்குப் போறன் என்றேன். போகவில்லை, பிள்ளை. வாசற்கதவை அடித்துச் சாத்திவிட்டுக் குசினிக்குள் இருந்தேன். மழை பெய்தது என்று முதலில் எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். மழையில் என்ன பழி? விடுப்பு அறிய, ஒட்டுக்கேட்கத்தான் இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் மன்னாரில் பெற்று, மூன்று வயதில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த கிறிஸ்ரியனைப் பற்றி அவ சொன்னதெல்லாம் கேட்டேன். அவவின் புருசன் ஜேசுரட்ணம் அண்ணைக்குக்கூடத் தெரியாத பிள்ளை. அவனுக்கென்று இன்றுவரை ஒரு பூசைகூடக் கொடுக்க முடியவில்லை என்று அவ அழுதா.

அதனால்தான் நான் சாமியாரிடம் பூசைக்குக் காசு வைத்து என்வலப் கொடுத்தேன். யோசப்பினின் மகன் கிறிஸ்ரியனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று மேலே எழுதினேன். வாசிக்க வேண்டாம் என்று சொல்ல மறந்துபோனேன். மே முதல் ஞாயிறு தமிழ்ப் பூசையில், கோவில் நிறைந்த சனத்துக்கு முன்னால், அவர் அதை அப்படியே ஒலிவாங்கியில் வாசித்தார். ஜேசுரட்ணம் அண்ணை திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு எழும்பி வெளியே போய்விட்டார்.

நேற்று பஸ் தரிப்பில் யோசப்பின் அக்காவைக் கண்டு கிட்டப் போனேன். "நான் உம்மட மகளிட்டை மட்டும்தான் வாய் திறந்தனான். இனி ஆரிட்டையும் திறக்க மாட்டன்" என்றா. நான்தான் செய்தேன் என்று சொல்லாமல் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, அவ ஏறிப் போய்விட்டா.

நீ எவருக்கும் சொல்லவில்லை. அப்படியென்றால் யார் என்று உனக்கு முதல் நாளே விளங்கியிருக்கும். ஆனாலும் பேட்டி நேரம் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை என்றே விசாரணையில் சொல்லி வருகிறாயாம். ரெலிபோன் எடுத்தால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாயோ? நாலு வருடப் படிப்பை இந்த விசர் அம்மாவுக்காகவா விடப் பார்க்கிறாய்?

நடந்ததையெல்லாம் எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் எழுதி, கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன். கொண்டுபோய் அவர்களிடம் கொடு. யோசப்பின் அக்காவிடம் நாளைக்கு நானே போகிறேன். கதவு திறக்காவிட்டால் வாசலில் நின்றாவது சொல்லுவேன். அதற்குப் பிறகு கோவிலில் என் முகத்தில் ஒருவரும் முழிக்க மாட்டார்கள். பரவாயில்லை.

உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியதாக நினைத்துக்கொள். ஆண்டவர் உன்னைக் காப்பார். நீ என்னைக் காப்பாற்றியது போதும், பிள்ளை. என்னைக் காட்டிக்கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியமலர்