அனுப்பாத விண்ணப்பம்

அண்ணா,

இன்று காலை ஆய்வகத்தின் இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கடைந்து கொடுத்த அச்சு கிடைத்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தோம். பிரித்ததும் உங்கள் லேத் பட்டறையின் வாசம் அடித்தது. அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் பட்டறைக்கு நான் முதலில் வந்தது ஒரு டப்பா நிறைய உடைந்த வில்லைகளோடுதான். எலும்பில் இருக்கிற அதே கால்சியம் பாஸ்பேட்டைப் பொடியாகத் தயாரித்து, அச்சில் அமுக்கி, உலையில் சுட்டுச் செய்யும் வில்லை. எலும்பு விட்டுப்போன இடத்தில் வைத்தால் அதன் நுண்துளைகளுக்குள் புது எலும்பு வளரும். வில்லை மெல்லக் கரைந்துவிடும். எங்கள் வில்லைகளோ அச்சைவிட்டு வரும்போதே விரிசல் கண்டன. நான் ஆறு மாதமாகப் பொடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இது வெளிய வர வழியே இல்லீங்களே. அச்சுக்குள்ள துளி சாய்வு குடுக்கோணும்," என்றீர்கள். நீங்கள் கடைந்த அச்சில் முதல் நாளே முழு வில்லை வந்தது.

முயல்களுக்கு வைத்துப் பார்த்தோம், எலும்பு வளர்ந்தது. அடுத்து மனிதர்களுக்கு வைக்க அனுமதி கேட்க வேண்டும். வேலை அங்கே நின்றது. விண்ணப்பத்தில் யார் பெயர் முதலில் வருவது என்று எனக்கும் என் பேராசிரியருக்கும் சண்டை. உழைப்பு என்னுடையது. அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். என் பெயர் முதலில் வராமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். காகிதங்கள் மாதக்கணக்கில் என் மேசை இழுப்பறையில் கிடந்தன.

அந்த மாதங்களில்தான் மேட்டுப்பாளையம் ரோட்டில் உங்கள் பைக்கை வேன் இடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, சீழ் பிடித்து, விரல் நீளத்துக்கு எலும்பே இல்லாமல் போனது. இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. நான் பார்க்க வந்தபோது எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த இடைவெளியை நீங்களே எனக்குக் காட்டினீர்கள்.

"நான் கடஞ்ச அச்சுல அமுக்குன வில்லைய என்ற காலுக்கு வெச்சா ஆகாதுங்களா அம்மணி?"

அனுமதி இல்லாமல் மனிதருக்கு வைக்கக் கூடாது என்றேன். அது உண்மை. அதற்கு நீங்கள், அனுமதி கேட்டு எழுதியாச்சா என்று கேட்டீர்கள்.

"அனுப்பியாச்சுங்கண்ணா. வந்துரும்," என்றேன்.

எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதன் பிறகு உங்களைப் பார்க்க நான் வரவில்லை. காலை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். உங்களால் லேத்துக்கு முன் நிற்க முடியவில்லை, பட்டறையை விற்றுவிட்டீர்கள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. மூன்றாம் வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். துக்கம் கேட்க வந்தபோது அக்கா, உங்கள் மனைவி, தற்செயலாகத்தான் அதைச் சொன்னார்கள். டாக்டர் முதலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் போதும் என்றாராம். கட்டைக்கால் போட்டுக்கொண்டு பட்டறையில் நிற்கலாம் என்றும் சொன்னாராம். நீங்கள்தான், "அம்மணி எழுதியிருக்குது, வந்துரும்," என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டீர்களாம். அதற்குள் சீழ் மேலே ஏறிவிட்டது. தொடையோடு எடுத்தார்கள்.

உங்கள் காலை எடுத்த பிறகுதான் விண்ணப்பம் போனது. என் பெயரே முதலில் வந்தது, அனுமதியும் கிடைத்தது. போன மாதம் வாழைத் தோட்டத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஓர் அம்மா, எங்கள் வில்லை வைத்த காலை ஊன்றி என் அறைக்குள் நடந்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கசந்தது. சீழ் பிடித்த கால்களை இந்தச் சோதனையில் சேர்ப்பதில்லை. விண்ணப்பம் அன்றைக்கே போயிருந்தாலும் உங்களுக்கு வைத்திருக்க மாட்டார்கள். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் உங்களைக் காத்திருக்க வைத்தது நான் சொன்ன பொய்.

மனது கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார்கள், திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அக்கா எனக்குக் கொடுத்திருந்த காபித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

"அந்தக் காலு எப்படியும் போறதுதானுங்க. ஆனா அம்மணி நமக்காக எழுதிப்போட்டு அலஞ்சுட்டு இருக்குதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க. அதையாச்சும் எனக்கு உட்டு வெச்சிருக்கலாமுங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது அண்ணா, என் பாரத்தை இறக்கத்தான் அங்கே போயிருக்கிறேன் என்று. அது இறங்கவில்லை. அக்காவிடம் மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.