ரோமாபுரிப் பிள்ளையின் கல்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

நீ போனபின் ஒரு மழைக்காலம் வந்து ஓய்ந்துவிட்டது. உன் வெள்ளைக் கல் இப்போது உன் வீட்டில் இல்லை. கரமனையில் நான் இருக்கும் வாடகை வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. அது இங்கே வந்த கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அத்தான் அதை ஒரு துரையின் பங்களா ஏலத்தில் எடுத்து வந்தாரே, நினைவிருக்கிறதா? துரையின் அப்பா ரோமாபுரியில் வாங்கி, தோட்டத்து அலங்காரத்துக்கென்று கப்பலில் ஏற்றியனுப்பியது என்று பட்லர் சொன்னானாம். இடுப்புயரப் பளிங்கு. ஒரு பக்கம் மூக்கு வைத்த கிண்டிச் செம்பு, மறுபக்கம் தட்டு செதுக்கியிருந்தது. மேலே ஒரு குழி. துளசிக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது என்று நீ மண் நிரப்பி நட்டாய். உன் மகள் வடிவு காய்ச்சலில் இறந்த வருஷம் அது. ஆறு வயதுப் பிள்ளையை ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று அத்தான் உன்னிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

அப்புறம் கடையில் பழக்கமான மலையாளிப் பாதிரியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், கல்லின் முன்பக்கத்து லத்தீன் எழுத்தைப் படித்தார்.

“இது மரிச்சவங்களுக்கு வைக்கிற கல்லாணு அம்மா. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். ஒரு பெண்குழந்தைக்கு அவளோட அம்மா வச்சது. இந்தக் குழியில பாலும் திராட்சை ரசமும் ஊத்துவாங்க. குழந்தை எத்தனை வருஷம், எத்தனை மாசம், எத்தனை நாள் ஜீவிச்சதுன்னும் இதுல உண்டு.”

“நாளுமா?” என்று கேட்டாய்.

“நாளும் உண்டு.”

“அது பெத்தவளுக்குத்தான் தெரியும்” என்று மட்டும் சொன்னாய்.

அன்றே அத்தான், “செத்தவங்களுக்கு வச்ச சாமான் வீட்டுல இருக்கப்பிடாது. ஆத்துல கொண்டு போடச் சொல்லுதேன்” என்றார். நீ அசையவில்லை. “ஒருத்தி பிள்ளைக்கு வச்சது. நான் எடுக்க விடமாட்டேன்” என்றாய். துளசியை வேறு தொட்டிக்கு மாற்றி, குழியைக் கழுவி, வெள்ளிதோறும் பால் ஊற்றினாய். தெருவில் பேசாத வாயில்லை. உனக்கு மறுபடி பிள்ளை தங்காததற்கும் கல்தான் காரணம் என்றார்கள். நீ இளைப்பு வந்து படுக்கையில் விழுந்தபோது எனக்கே அந்தப் பயம் வந்தது அக்கா. இன்னும் முழுசாகப் போகவில்லை. கல்லை விட்டுக்கொடுத்திருந்தால் நீ இருந்திருப்பாயோ?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், தம்பானூரில் வீடு கட்டும் ஒருவருக்கு அஸ்திவாரத்தில் போட அத்தான் அதைக் கொடுத்துவிட்டார். மாட்டுவண்டியில் ஏற்றியிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். காளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

“வழி விடு செல்லம். அவளே போயாச்சு, இனி யாருக்கு இது?”

“அந்தப் பிள்ளைக்கு” என்றேன். அத்தான் வண்டிக்காரனிடம் கரமனைக்கு விடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று அவர் இங்கே வந்தார். கல்லருகே நின்றபடியே பேசினார். “வடிவை வச்ச இடம் எனக்குத் தெரியும். ஒரு புளியமரத்தடி. சொன்னா உங்க அக்கா அங்கேயே போய்க் கிடந்திருவாளோன்னு பயந்துட்டேன்.” அப்புறம், “இந்தக் கல்லை அங்க கொண்டு வைக்கலாமா?” என்றார்.

“வேண்டாம் அத்தான். இது வேற ஒருத்தி பிள்ளையோடது. வடிவுக்கு நாம வேற வைப்போம்” என்றேன். சரியாகத்தான் சொன்னேனா? நீ கேட்டுக் கேட்டு ஓய்ந்ததை என்னிடம் சொல்கிறாரே. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை.

நாளை காலை அத்தானோடு அங்கே போகிறேன். போனதும் தரையில் உட்கார்ந்து, வடிவிடம், “உன் அம்மாவுக்கு வழி தெரியாமல் போயிற்று, வர மனசில்லாமல் இல்லை” என்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கை,
செல்லம்