தங்கராஜுவின் கரண்டு மெஷின்

தம்போய்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் குணாளனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் ஷாமளாவும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். வேண்டுதல் முடிந்தது, இனி எழுதப் போவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. போனில் பேசினால் பாதியில் "சரி மா, சரி மா" என்று வெட்டிவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று ஷாமளாவே சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி.

நேற்று நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மா, சின்னப் புண்ணுதானே, அதான் ஆறிடுச்சே. தங்கராஜு பாவம்மா, என்கூட படிச்சவன், இப்பதான் கடையப் போட்டிருக்கான். அவன் மேல எழுதிப்போட்ட கம்ப்ளேன திரும்ப எடுத்துக்கங்கம்மா, எனக்காகலா." எனக்காக என்றாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன நடந்தது என்று அவன் சொன்னதைத்தானே கேட்டாய், என்னிடம் கேட்டாயா? முட்டி ஆபரேஷன் முடிந்து தொடையில் பலம் இல்லாமல், கால் நேராக நீட்ட வராமல் நான் கிடந்தபோது, பெரியாஸ்பத்திரி பிசியோவுக்குத் தேதி தள்ளிப் போகிறது என்றதும் நீதான் சொன்னாய், நம் குடியிருப்புத் தாமான் கடைவரிசையில் தங்கராஜு தெரபி சென்டர் வைத்திருக்கிறான், கரண்டு மெஷின் வைத்தால் சதை சீக்கிரம் பலமாகும், அங்கே போங்கள் என்று. மகன் சொல்கிறானே என்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். அவனும் நல்லபடியாகத்தான் வரவேற்றான், "வாங்க ஆன்ட்டி, நம்ம குணா அம்மா" என்று கட்டிலில் படுக்க வைத்தான். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆபரேஷன் தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துக் கிடக்கிறதே, அங்கே தொட்டால் தெரிகிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. யார் யாருக்கோ ஒட்டி ஒட்டிப் பசை காய்ந்து, ஓரம் சுருண்டு போன கரண்டுப் பேட் ஒன்றை எடுத்து அந்த மரத்த இடத்தில் ஒட்டினான். "தெரியுதா ஆன்ட்டி?" என்றான். தெரியவில்லை என்றேன். "அப்ப கூட்டுறேன்" என்று குமிழைத் திருகினான். மறுபடியும் கேட்டான், மறுபடியும் கூட்டினான். அப்புறம் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

குணா, தோல் மரத்தவளுக்குத் தெரியாதுதான், அதற்காகத் தோல் வேகாமல் இருக்குமா? பேடின் ஓரம் மட்டும் கட்டெறும்பு கடிப்பது போலச் சுரீர் என்றது. கூப்பிட்டேன். ரேடியோ சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மெஷின் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது, எழுந்திருக்கவும் காலில் பலம் இல்லை. கடைசியில் பேடைப் பிய்த்து எறிந்தேன். அங்கே இருபது காசு நாணய அகலத்துக்குத் தோல் வெளுத்து, வீட்டுக்கு வருவதற்குள் கொப்புளமாகிவிட்டது. சர்க்கரைக்காரிக்கு அது சின்னப் புண் இல்லை. கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று நினைத்தது லேசில் ஆறவில்லை, மருந்து கட்டக் கட்ட நீர் வைத்தது. இதை உன்னிடம் சொல்லவில்லை, தூரத்தில் இருப்பவனுக்கு ஏன் கவலை என்று. அது என் மடத்தனம்.

ஆனாலும் இதற்காக நான் கம்ப்ளேன் எழுதவில்லை, அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். புண்ணைக் காட்டி அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அடுத்த வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனேன். உள்ளே கட்டிலில் நம் கோயில் வீரமுத்து அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறார், பக்கத்தில் அவர் மகன் ரூபேந்திரன் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அண்ணனுக்குத் தோள்வலி. இடது தோளில் ஒரு பேட், நெஞ்சுப் பக்கம் ஒரு பேட். கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரிப் புடைத்துக்கொண்டு இருக்கிறதே, அதற்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறான். அதுதான் இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கர், அதை வைத்தபோது அப்பாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். தங்கராஜுவின் கை குமிழில் இருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் இதயத்துக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வேறு கரண்டு வைக்கலாமா என்கிற பயம் யாருக்கும் வருமே! "டேய் நிறுத்து, போடாத" என்று கத்தினேன். "ஆன்ட்டி, நீங்க வெளிய உக்காருங்க" என்றான். நான் கைத்தடியைப் போட்டுவிட்டு வயரைப் பிடித்து இழுத்தேன், மெஷின் கீழே விழுந்து மூலை உடைந்தது. ரூபேந்திரன் எழுந்து, "ஒங்களுக்கென்ன பைத்தியமா ஆன்ட்டி?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டான். நான் அவன் அப்பாவின் நெஞ்சைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவன் குனிந்து அப்பாவின் மேலிருந்த பேடுகளைப் பிய்த்தெடுத்தான். தங்கராஜு "அவரு சொல்லவே இல்ல ஆன்ட்டி" என்றான். நீ கேட்டாயா என்று கேட்டேன். வீரமுத்து அண்ணன் பாவம், படுத்தபடியே, "தோள் வலிதானே தங்கச்சி, நெஞ்சு வலியா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். மறுநாள் ரூபேந்திரன் இதய டாக்டரிடம் கேட்டிருக்கிறான். அந்த மெஷினின் கரண்டை இதயத்துடிப்பு என்று பேஸ்மேக்கர் தப்பாக எடுத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய துடிப்பைக் கொடுக்காமல் நின்றுவிடக்கூடும், தன்னைக் கேட்காமல் கிட்டக்கூடப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அவன் நம் வீட்டுக்கு வந்து என் காலைத் தொட்டான். அன்றைக்குத்தான் சுகாதார இலாகாவுக்குக் கம்ப்ளேன் எழுதிப் போட்டேன்.

தங்கராஜு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தேன், குடித்தான், அழுதான். மெஷின் விற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான் தெரியும், வேறு படிக்கவில்லை என்றான். படித்த பிசியோ ஒருத்தரை வைத்துக்கொள், இல்லையென்றால் நீ போய்ப் படி, அதுவரைக்கும் யார் மேலும் கரண்டு வைக்காதே என்றேன். அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு "விடு பிரேமலா, பையன் பிழைச்சுப் போகட்டும்" என்கிறார். அவருக்கு எல்லாமே விடு. அவன் நேராகப் போய் உனக்குப் போன் போட்டிருக்கிறான், நீ எனக்குப் போடுகிறாய்.

கரண்டு வைப்பதே கெட்டது என்று நான் சொல்வதாக நினைக்காதே. பெரியாஸ்பத்திரியில் மலர் என்ற பெண்தான் இப்போது எனக்கு வைக்கிறாள். புண்ணைப் பார்த்ததும் என்னைத்தான் முதலில் திட்டினாள், பிறகு அது ஆறும்வரை மெஷினைத் தொடவில்லை. ஆறிய பிறகு பஞ்சாலும் ஊசி முனையாலும், சூட்டாலும் குளிராலும் தொடை முழுக்கத் தொட்டு எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று பார்த்தாள், எனக்கென்றே புதுப் பேட் எடுத்து, தோலைத் துடைத்து, உணர்வு இருக்கிற இடமாகப் பார்த்து முழுதாகப் படிய ஒட்டினாள். நிறுத்துகிற பட்டனை என் கையில் கொடுத்துவிட்டாள். "சதை இறுகணும் ஆன்ட்டி, எரியக்கூடாது, குத்துனா ஒடனே சொல்லுங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மெஷின் இழுக்கும்போது நானும் சேர்ந்து முட்டியை இறுக்கி நீட்ட வேண்டுமாம், சும்மா படுத்துக் கிடந்தால் பாதிப் பலன்கூட இல்லையாம். செத்துப் போச்சு என்று நினைத்த தொடை துள்ளி எழுந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தாநாள் பஸ் படியில் யாரையும் பிடிக்காமல் ஏறினேன். அதே கரண்டுதான் குணா. கேட்டுவிட்டு வைத்தால் இப்படி.

அதனால் கம்ப்ளேனைத் திரும்ப எடுக்க மாட்டேன். உன் கூட்டாளி உன்னோடு பேசாமல் போனாலும் எடுக்க மாட்டேன். அவன் மேல் உனக்கு உண்மையில் அக்கறை இருந்தால், ஒருவர் அவன் கட்டிலில் செத்துப் போவதற்கு முன்னால் தடுத்தேனே, அதற்கு நன்றி சொல்லச் சொல்.

குழந்தைக்குக் குளிர் காலம் வருகிறது, மார்பை மூடும்படி சட்டை போடச் சொல். ஷாமளா வேலைக்கும் வீட்டுக்கும் ஓடி இளைத்துப் போயிருக்கிறாள், சமையலில் நீயும் ஒரு கை கொடு. மூன்று பேரும் தீர்க்காயுசாக, மனநிறைவோடு இருக்க வேண்டும், அது என் கோபத்திலும் மாறாத ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். வீரமுத்து அண்ணன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேள். அவர் குரலைக் கேட்ட பிறகும் கம்ப்ளேனை எடு என்று சொல்ல உனக்கு வாய் வந்தால், எனக்குக் கூப்பிடு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா
பிரேமலா சதாசிவம்