முத்திரை உடையாத பை

அண்ணே,

இன்று புத்தளம் தபால் கந்தோரில் ஒரு பொதி அனுப்ப நின்றேன். உள்ளே யாரோ அரக்கு உருக்கினார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கிடைத்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எலுவன்குளத்துக் காட்டுக்குள், சுண்ணாம்புக்கல் ஏற்றும் ரயில் ஓடும் பாதையை நாமிருவரும் பராமரித்த யுத்த காலம் அது. கல் உடைப்பவர்களின் முகாம் பாதையிலிருந்து விலகி உள்ளே இருந்தது. அங்கே தபால்காரன் வரமாட்டான். கம்பனிக் கடிதங்களும் ஆட்களின் தபாலும் அரக்கு முத்திரை வைத்த பையில் வரும். நம் குடிசையடியில் ரயில் வேகத்தைக் குறைக்கும். ரயில் கார்ட் கடைசிப் பெட்டியிலிருந்து பையை வீசுவார். நீங்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பீர்கள். யானைக்குப் பயந்து நானும் கூட வருவேன்.

“முத்திரையை உடைக்கிறது முகாம் மனேச்சர் மட்டும்தான், தம்பி. நான் உடைச்சா என்ர வேலை போயிடும்” என்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளோடு ஓடிவந்த உங்களுக்கு அந்த வேலையை விட்டால் வேறு பிடி இல்லை.

ஒரு காலை, வழியில் புதிதாக முளைத்திருந்த காவலரணில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். உங்கள் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்ததும் அவர்களின் முகம் மாறியது. பையைத் திறக்கச் சொன்னார்கள்.

“எனக்கு அனுமதி இல்லை, சேர். மனேச்சரைக் கேளுங்கோ.”

“அண்ணே, தொறந்து காட்டுங்களே” என்றேன். அவர்களிடமும் சிங்களத்தில் கெஞ்சினேன். துவக்கின் அடிப்பிடி உங்கள் காதில் இறங்கியது. பிறகு அவர்களே பையைக் கிழித்தார்கள். லீவுக் கடதாசிகள், யாரோ ஒருவரின் கலியாண அழைப்பிதழ்.

அந்தக் காது அன்றோடு போயிற்று. மற்றதும் மெல்ல மந்தமாயிற்று.

“ஒருத்தருக்கும் சொல்லாதை, தம்பி. செவிடனை லைனில வைச்சிருக்க மாட்டாங்கள்.”

ரயில் வரும்போதெல்லாம் உங்கள் தோளைத் தொட்டு விலக்கினேன்.

என் வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கிவிட்டு நான் வீட்டில் இருந்த வாரம், வளைவில் குனிந்து ஆணி இறுக்கிக்கொண்டிருந்தீர்களாம். ரயில் கூவியபடிதான் வந்ததாம்.

நான் திரும்பிய அன்று கார்ட் வீசிய பையில் உங்கள் மரண அறிவித்தல் இருந்தது. அதை முகாமுக்குச் சுமந்தவன் நான்தான்; மனேச்சர் முத்திரையை உடைத்தபோதுதான் உள்ளே இருந்தது என்னவென்று தெரிந்தது.

பின்னேரம் பாலாவியில் உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியைக் கண்டேன். “ரயில் கூவினதாம். இவருக்கு ஏன் கேக்கேல்லை?” என்று அக்கா கேட்டார். அவருக்கும் நீங்கள் சொல்லியிருக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் அழவில்லை. “கடதாசிதானே, தம்பி. திறந்து காட்டியிருக்கலாமே?”

அக்காவும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்டது மட்டும் என்னோடு இருக்கிறது, அண்ணே.