அவர் பெயருக்கு முன்னால்

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை குற்றமற்றவர் என்று நேற்றுக் காலை பதினொன்றரை மணிக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. நீதிமன்ற எழுத்தரிடம் நகல் வாங்கி, ஆறு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிரேக் சரியில்லை, பஸ்ஸை எடுக்கக் கூடாது என்று விபத்துக்கு முன்பே அவர் டிரைவர் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். பணிமனை மேலாளர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவரையே அதை ஓட்ட அனுப்பியிருக்கிறார். அடியில் இருந்த கார்பன் நகலை மறந்துவிட்டார்.

இன்று எங்கள் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். நீதிபதிக்கு மாண்புமிகு. தாளைக் கிழித்த மேலாளருக்குத் திரு. அவர் இன்னும் கைதாகவில்லையாம். மாப்பிள்ளைக்கு வெறும் பெயரும் வயதும்.

ஆசிரியர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். “ரெண்டு எழுத்துக்காண்ணே இவ்ளோ கோபம்?” என்றார். திரு என்றால் செல்வம், முன்பெல்லாம் வசதியானவர்களுக்கு மட்டும் போட்டோம், அப்புறம்தான் எல்லாருக்கும் என்று ஆக்கினோம், அதைப் பிடுங்க நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கைதானவர் பெயருக்கு முன் திரு வேண்டாம் என்று இருபத்திரண்டு வருடம் முன்பு செய்திப் பிரிவுக்குப் போட்ட விதி. கீழே என் கையெழுத்து. விடுதலையானால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுத அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்படி எத்தனை பேரை விட்டிருக்கிறேனோ.

சாயங்காலம் மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “விடுங்க மச்சான். வீட்டுலயே எடுத்துட்டாங்க, பேப்பர்ல என்ன இருக்கு” என்றார்.

அவர் ஜாமீனில் வந்த அன்று நீ என்னிடம் போனில் “அந்த ஆளு என்ன சொல்றான்?” என்று கேட்டாயே, அது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் காதிலும் விழுந்தது. அந்த விபத்தில் இரண்டு உயிர் போயிற்று. அதைச் சொல்லிப் பள்ளியில் மற்றவர்கள் உன் பிள்ளைகளைப் படுத்திய பாடும் எனக்குத் தெரியும். நீ அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னதை ஒருமுறையாவது கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பிள்ளைகளும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

பத்திரிகையில் திருத்தம் வியாழக்கிழமை வரும். வேலையில் திரும்பச் சேர்க்கும் உத்தரவு பதினான்காம் தேதிக்குள் வர வேண்டும். உன் கடிதம் எப்போது வரும் என்றுதான் சொல்ல ஆளில்லை. எனக்கு எழுதாதே, அவருக்கு எழுது. உறையின் மேல் அவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதை நீயே முடிவு செய்.

இப்படிக்கு,
அண்ணன்