பலகைக்கு அடியில்

அக்டோபர் 3, வியாழன்

புதுக்கோட்டை பழைய மச்சு வீட்டில் வேலை ஆரம்பம். மாடியில் கார்முகில் சாரின் கம்ப்யூட்டர் ஆபீஸ் வரப்போகிறது. மரப்பலகைத் தரைமேல் இரும்புக் கால்கள் நிறுத்தி, அதற்கு மேல் இன்னொரு தரை போடவேண்டும். வயரெல்லாம் நடுவில் ஓடும். என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் இரும்புக் கால்களை நிறுத்த நிறுத்த நான் மட்டம் பார்த்தேன். தெற்கு மூலை மட்டும் நிற்கவில்லை. காலையில் சரி செய்தது சாயங்காலம் இறங்கியிருந்தது.

அக்டோபர் 4

மறுபடி இறங்கியிருக்கிறது.

"திருகி ஏத்திவிட்டாப் போச்சு. புதுசா எதையும் கெளப்பாத, மேகலை" என்றார்.

அந்த மூலையில்தான், கரண்டு போனால் கம்ப்யூட்டர்களை ஓட்டுகிற பேட்டரி ரேக் வரும்; அத்தனையும் பெருங்கனம். நேர் கீழே அமராவதி அக்காவின் தையல் கடை. தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. பெண்கள் தலை நிமிராமல் தைக்கிறார்கள்.

அக்டோபர் 5

பலகையைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்றேன். கத்திவிட்டார். "திங்கக்கெழம பேட்டரி வருது. இப்பப் போயி பலகையப் பேர்க்கணுங்கிறியே!" ஆளுங்க எல்லாரும் பாக்குறாங்க. எறங்கிப் போயி அமராவதி அக்காகிட்ட, மெஷினை அங்கிட்டுத் தள்ளிப் போடச் சொன்னேன்.

"தீபாவளி நேரத்துல எங்கிட்டும்மா போறது? மேல என்ன, சொல்லு."

என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியாதே. வெறும் பயம்தானோ?

அக்டோபர் 6, ஞாயிறு

ஆட்களுக்கு லீவு. கடப்பாரையோடு தனியாகப் போனேன். முதல் பலகை நெகிழும்போது படியில் அவர் காலடிச் சத்தம். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். என்னிடமிருந்து கடப்பாரையை வாங்கி மீதியைப் பெயர்த்தார்.

அடியில் உத்திரம். சுவருக்குள் போகிற முனை பார்க்க நல்ல மரம் மாதிரிதான் இருந்தது. விரலால் அழுத்தினார் — விரல் உள்ளே போய்விட்டது. அத்தனையும் கரையான்.

கார்முகில் சாருக்கு அவரே போன் போட்டார். "சார், நாளைக்கு எதையும் ஏத்தக் கூடாது... இல்ல சார். வேற ஆளப் போட்டாலும் சரி, நான் ஏத்த விடமாட்டேன்."



அக்டோபர் 7

தையல் மெஷின்களை அவரே வராண்டாவுக்குத் தூக்கிப் போட்டார். உத்திரத்துக்கு இரும்பு முட்டு கொடுத்தாச்சு. கோபமாக வந்த கார்முகில் சார், அந்த முனையைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

அக்டோபர் 19, சனி

இரும்பு உத்திரம் மாற்றி, மேல்தரையும் முடிந்தது. இன்று பேட்டரி ஏறியது. நான் மேலே நின்று வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக் காணோம். தேடி இறங்கினால், காலியாகக் கிடந்த தையல் கடையில், உத்திரத்துக்கு நேர் கீழே அண்ணாந்து நிற்கிறார்.

"இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"உத்திரம் அசைஞ்சா சத்தம் போடணும்ல. நீ மேல நிக்கிற."

நான் திரும்பவும் மேலே ஏறிப் போனேன். இன்னும் சில பேட்டரிகள் பாக்கி இருந்தன.